கறி தின்னாத விருந்தாளி

நவ்ஃபாவின் ஆடுகளை நோய் கொண்டுபோயிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். கொண்டுபோனது மரியாதை.

கரக் பக்கத்து மலையூர் எங்களுடையது. நவ்ஃபாவின் கணவன் பட்டாளத்தில் முதுகு போய்த் திரும்பியவன். அவள்தான் விடியுமுன் லாரியில் ஏறிப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, தக்காளி பறித்துக் குடும்பத்தை ஓட்டினாள். அப்போதுதான் வெளிநாட்டு உதவியில் பெண்களுக்குக் கறவை ஆடு கொடுத்தார்கள். தயிரை உப்பிட்டு உருட்டிக் காயவைத்த ஜமீதுக்குச் சந்தையில் எப்போதும் கிராக்கி.

"இனி செத்தாலும் அந்த லாரியில ஏறமாட்டேன்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆடு வந்த சூட்டோடு அரசாங்கம் தீவன மானியத்தை வெட்டியது. பொருளாதாரச் சீர்திருத்தமாம். கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்களாம். ஒரு கையால் ஆட்டைக் கொடுத்து இன்னொரு கையால் அதன் வாயைக் கட்டுகிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது? நவ்ஃபா பாதி ஆட்டை விற்று மீதிக்குத் தீனி போட்டாள்.

மீதியைத் தின்றது விருந்து. ஆடுகள் எப்படி வளர்கின்றன என்று பார்க்க மார்கிட் என்ற வெளிநாட்டு அம்மா, தலைநகர் அம்மானிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளனுடன் அடிக்கடி வருவார். வாசலுக்கு வந்தவருக்கு ஆடு அறுத்து, ஜமீதில் வெந்த கறியைச் சோற்றின்மேல் குவித்த மன்சஃப் தாம்பாளம் வைக்காவிட்டால் குடும்ப மானம் என்ன ஆவது? நவ்ஃபாவின் மூத்தார் முத்லக், தம் ஆடுகளைத் தீவன விலையேற்றத்தில் விற்றுத் தீர்த்தவர், தம்பி வீட்டு ஆட்டை அறுப்பார். மார்கிட் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைத்து, "நான் கறியே தின்பதில்லை" என்பார். எங்களில் எந்த விருந்தாளி முதலிலேயே சரி என்பார்? மூன்று தரம் மறுப்பதுதானே முறை.

"என்ன பண்பான பொம்பள, பாரு!" என்று முத்லக் கத்தியைத் தீட்டுவார். அந்த அம்மா சோற்றை மட்டும் கொறித்துவிட்டுப் போவார். கறி முத்லக்கின் பங்காளிகளுக்கு.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு சினையாடு. மார்கிட் வருகிறார் என்றதும் நவ்ஃபா அதை இழுத்துவந்து என் வீட்டுப் பின்னறையில் அடைத்தாள்.

"ஆடு எங்க, உம் கைத்?" என்றார் முத்லக் நவ்ஃபாவிடம். கைத்தின் அம்மா என்று பொருள்; எங்களில் பிள்ளை பெயரை வைத்துத்தான் கூப்பிடுவது.

"வித்துட்டேன், அபூ சுல்தான். தீனிக்கு வழியில்ல."

அன்று பருப்பு, முட்டை, ரொட்டி, ஆலிவ் எண்ணெய். மார்கிட் மறுக்கவே இல்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். முத்லக் அவமானத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நவ்ஃபா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கும் சிரிப்பு தாளவில்லை.

சாப்பிட்டு முடித்த மார்கிட் ஆடுகளைக் காட்டச் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளன் சொன்னான்: "திட்ட ஆடு ஒண்ணாவது கையில இருந்தாத்தான், அக்கா, அடுத்த தவணை ஆடும் தீவனமும். இல்லன்னா உங்க பேர அடிச்சிடுவாங்க."

நவ்ஃபா முத்லக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஆட்டைக் கயிற்றோடு கூட்டிவந்தாள். அந்த அம்மா மகிழ்ந்துபோய் அதன் முதுகைத் தடவிப் படமெடுத்தார்.

முத்லக் எழுந்துவிட்டார். "வீட்டுல ஆட்ட வச்சுக்கிட்டு விருந்தாளிக்குப் பருப்பா? எங்க அப்பன் பேரையே கெடுத்துட்டியே!"

"சினை ஆடு, அபூ சுல்தான். உங்க கால்ல விழுறேன்."

அவர் காதில் விழவில்லை. காரின் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "ராச்சாப்பாடு இங்கதான். சாப்பிடாம யாரும் நகரக்கூடாது."

மார்கிட் பதறி, நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்றார். நவ்ஃபா மொழிபெயர்ப்பாளனின் சட்டையைப் பிடித்து, "நெஜமாத்தான் வேணாங்கிறாங்கன்னு சொல்லுப்பா!" என்று கத்தினாள். அவன் சொன்னான். மார்கிட்டும் மறுபடி வேண்டாம் என்றார், மறுபடியும் சொன்னார்.

"மூணு ஆச்சு" என்றார் முத்லக், சட்டைக் கையை மடித்துக்கொண்டே.

அந்தப் படத்தின் புண்ணியத்தில் அடுத்த தவணை ஆடு வந்திறங்கிய அன்று நவ்ஃபா ஊரில் இல்லை. விடியுமுன்பே லாரியில் ஏறிப் போயிருந்தாள். "அத வாங்கி யாருக்குடி வளர்க்கிறது?" என்று மட்டும் என்னிடம் கேட்டிருந்தாள்.