விசாரணைக்குப் போன கொண்டை

அந்த அறையில் இருந்தவர்கள் பார்த்தது என் தோளை அல்ல, என் கொண்டையை. உயர்த்திக் கட்டி, மல்லிகைச் சரம் சுற்றிய கொண்டை. "சாதாரணமா வாங்கக்கா" என்று எங்கள் வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார். ஜார்ஜ்டவுனில் நாலு பெரிய மனிதர்கள் உட்காரும் இடத்துக்குத் தலையை ஏனோதானோவென்று முடிந்துகொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

தடுப்பூசி மேல் எனக்குக் கோபமில்லை, இப்போதும் போட்டுக்கொள்கிறேன். ஊசி போட்ட அன்று சட்டைக் கை இறுக்கமாக இருந்ததால், கிளினிக்கில் இருந்த பெண் கழுத்துப் பக்கம் துணியை இழுத்துவிட்டுத் தோளின் உச்சியிலேயே ஊசியை இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. மாதக்கணக்கில் வலி. வயதானால் வருவதுதான் என்று கிளினிக் கைகழுவியது. சிகிச்சைக்கு வழியில்லாமல்தான் இழப்பீடு கேட்டு வக்கீலம்மாவிடம் போனோம். அவர் ஏற்பாடு செய்த சமரசப் பேச்சுக்குத்தான் அன்று வந்திருந்தோம்.

கிளினிக் தரப்பு வக்கீலும் தமிழர். "கைய தூக்க முடியலன்னு சொல்றீங்க. அப்ப இந்தக் கொண்டைய யாரும்மா போட்டது?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் வீட்டுக்காரர் மானம் கப்பலேறும். புக்கிட் தெங்காவில் லோரி ஓட்டுகிறவர்; கூட்டாளிகள் கேலிக்குப் பயந்து, "யாருக்கிட்டயும் சொல்லிறாதலா" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் என் மௌனத்தைப் பார்த்து, நான் நடிக்கிறேன் என்றே அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"நான்தான்லா சார் போட்டேன்."

யாரும் நம்பவில்லை. வக்கீலம்மா சிரிக்காமல், "அண்ணே, அவுத்துட்டு இன்னொரு தடவ போடுங்க" என்றார். கொண்டை ஊசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு, சிக்கெடுத்து, முறுக்கிச் சுற்றி, சரத்தையும் வைத்து முடித்தார் மனிதர். முகம் வேர்த்துக் கொட்டியது, விரல்கள் தடுமாறவில்லை. கிளினிக் பக்கம் வந்திருந்த சீன டாக்டர் எழுந்து வந்து, என் கையை மெல்லப் பிடித்து, எதுவரை உயர்கிறது என்று முதன்முறையாகப் பார்த்தார். அங்கேயே அழுதுவிட்டேன்.

இழப்பீடு கிடைத்தது, சிகிச்சை நடந்தது. அப்பாடா என்றிருக்கிறது. இப்போது கை தலைக்கு மேலேயே எழும்புகிறது. அதை வீட்டுக்காரரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. காலையில் அவர் சீப்போடு வந்து நிற்கும்போது, கொஞ்சம் நடிக்கிறேன்.