லாட்ஜில் தங்கிய தாய்மாமன்

மதுரைக்குப் போனால் எங்கே தங்குவது என்பது எங்கள் ஜனங்களுக்கு ஒரு கேள்வியே இல்லை. ரயிலடிக்கு மேற்கே எங்கள் சாதிக்காரர்கள் கட்டிவைத்த சத்திரம் ஒன்று இருந்தது. வாசலில் உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை, “எந்த ஊரு, யாரு மகன்?” என்று கேட்பார். சொன்னால் பாயை எடுத்துக்கொள்ளச் சொல்லுவார். லாட்ஜ் என்பது நாதியற்றவனும், ஊரை ஏமாற்றி ஒளிந்து வந்தவனும் தங்குகிற இடம் என்பது எங்கள் பக்கத்து எண்ணம்.

எனக்கோ அந்தச் சத்திரத்தைக் கண்டாலே ஆகாது. தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். கையில் கடிகாரம் வேறு கட்டியிருந்தேன். கவர்னருக்கு அடுத்தபடி நான்தான் என்று நினைப்பு. சத்திரத்துக்குள் கால் வைத்தால் போதும், யாராவது ஒருவர் வெற்றிலை வாயோடு நெருங்கி உட்கார்ந்து, “மாப்ள, எம்புட்டுச் சம்பளம்?” என்று ஆரம்பிப்பார். கிணற்றடியில் குளிக்க வரிசை. ராத்திரி முழுக்கக் குறட்டை. இதெல்லாம் என் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

யுத்தத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி என் தங்கை மகள் பெரிய மனுஷியானாள். தங்கையை ஆரப்பாளையத்தில் கொடுத்திருந்தோம். அவள் புருஷனுக்கு மில்லில் வேலை. எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டபடியால், பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு நான் ஒருவன்தான். மாமியார்க்காரிக்கு வாய் நீளம். தங்கை யாரையோ பிடித்துக் கடிதம் எழுதியிருந்தாள்: “அண்ணே, ஒனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருக்கானான்னு எங்க அத்தை தெனமும் கேக்குறாக. சடங்கன்னைக்கு நீ சீரோட வந்து நின்னாத்தான் இந்த வீட்டுல எனக்கு மதிப்பு.”

தாய்மாமன் மேளதாளத்தோடு சீர்த்தட்டுகளை நடத்திக்கொண்டு வந்து, நல்ல நேரம் முடிவதற்குள் பெண்ணுக்கு முதல் மாலை போட வேண்டும். காலை ஏழரை வரைக்கும் நேரம் குறித்திருந்தார்கள். சத்திரத்திலிருந்து ஊர்வலமாகக் கிளம்புவதாக ஏற்பாடு.

முந்தின நாள் சாயங்காலம் ஊர்ப் பங்காளிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து சத்திரத்தில் இறங்கினார்கள். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஊரில் விவசாயம் பார்க்கிற சம்சாரி, என் பெட்டியை வாங்கித் தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். நான் கூசாமல் பொய் சொன்னேன்.

“கோரிப்பாளையத்துல ஆபீஸ் சிநேகிதர் வீடு இருக்குண்ணே. அங்க தங்கலைன்னா கோவிச்சுக்கிருவாரு. விடிஞ்சதும் வாரேன்.”

“அவுக வீட்டுக்கு என்னப்பா அடையாளம்?”

“தர்காவுக்குப் பக்கத்துல எண்ணெய்க்கடை. அதுக்கு அடுத்த வீடு.”

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ரயிலடி லாட்ஜுக்குப் போனேன். இரும்புக் கட்டில், கொசுவலை, தலைக்கு மேலே மின்சார விசிறி. பதிவுப் புத்தகத்தில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

காலையில் தூங்கிப்போனேன் என்றாலாவது மன்னிக்கலாம். இல்லை, ஆறு மணிக்கே விழித்துவிட்டேன். நம்ம ஆட்கள் சொன்ன நேரத்துக்கு என்றைக்குக் கிளம்பினார்கள், தட்டை அடுக்கவே ஏழாகும் என்று எனக்கு அவர்கள் மேல் அவ்வளவு இளக்காரம். வெந்நீர் கேட்டு வாங்கினேன். நிதானமாக முகச்சவரம் செய்துகொண்டேன். காப்பி குடித்தேன், இன்னொரு காப்பிக்குச் சொன்னேன், பேப்பர் படித்தேன்.

சத்திரத்துக்குப் போனபோது கூடம் காலியாகக் கிடந்தது. கணக்கப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்நேரத்துக்கா வர்றது? அஞ்சரைக்கெல்லாம் அம்புட்டுப் பேரும் குளிச்சு முழுகித் தயாரு. ஒங்க அண்ணன் ஆத்தைத் தாண்டிக் கோரிப்பாளையம் ஓடி, தர்காவச் சுத்தி ஒரு வீடு பாக்கி இல்லாமக் கேட்டுட்டு வந்தாரு. அங்க அப்படி எண்ணெய்க்கடையே இல்லியாமே?”

ஜட்கா பிடித்து ஆரப்பாளையம் போய்ச் சேர்ந்தேன். மேளம் ஓய்ந்திருந்தது. பெண் மாலையோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், தாய்மாமனுக்குக் கட்டுகிற பட்டுத் தலைப்பாகையோடு என் அண்ணன் நின்றார். என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாகத் தலைப்பாகையை அவிழ்த்தார். திருடியதைப் பிடித்துவிட்டது போல அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

“நேரம் போகப்போகுதுன்னு பெரியவுக சொன்னாகப்பா. அதான் நானே போட்டுட்டேன். மனசுல வச்சுக்கிராத.”

அடப்பாவி மனுஷா, நீங்கள் என்னை நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருக்கக் கூடாதா! என்னிடம் போய் மன்னிப்புக் கேட்டார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை.

பந்தியில் அவளே எனக்குச் சோறு வைத்தாள். குனிந்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்.

“எங்க தங்குனன்னு நான் கேக்கலண்ணே. ராத்திரியெல்லாம் ஒனக்குக் காய்ச்சல்னு எங்க அத்தைகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். ரெம்பச் சாப்பிட்டுறாத. பாத்துக்கிட்டே இருக்காக.”

பக்கத்து இலைகளுக்கெல்லாம் வடையும் பாயசமும் வந்தன. எனக்கு ரசம் மட்டும் ஊற்றினாள். நான் நோயாளி மாதிரி இரண்டு வாய் பிசைந்து தின்றேன். அப்போது மாமியார்க்காரி எழுந்து வந்து எனக்கு எதிரே நின்றாள்.

“ஒடம்பு எப்படி இருக்கு தம்பி?”

“இப்பத் தேவல அத்தை.”

அவள் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சவரம் செய்த என் கன்னத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லாமல், ரசப் பாத்திரத்தோடு நின்ற என் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

“தண்ணியாக் குளுந்து கெடக்கேடி, ஒங்க அண்ணன் நெத்தி.”

பந்தி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கை என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போனாள்.