பொன் தூளில் எழுந்த ரேகை

"கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள். மழை. அட்டைக்கு டால்கம் பூச மறந்தேன்." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த அக்கா, இறந்துபோன மகளுக்கு ஒரு நினைவு அட்டை செய்துதரக் கேட்டார். மகள் வெட்டி வைத்திருந்த கறுப்பு அட்டைகளையே கொண்டுவந்தார். பசை மையில் சிலுவை முத்திரையைக் குத்தி, பொன் தூளைக் கொட்டி, மீதியைத் தட்டிவிட்டேன். ஈரமோ எண்ணெயோ பட்ட இடத்திலெல்லாம் தூள் ஒட்டிக்கொள்ளும். வட்டகொடை மலைத்தோட்டத்து மூடுபனியில் அப்படி ஒட்டாமலிருக்கத்தான் முதலில் டால்கம் பவுடர் பூசித் துடைப்பது. சிலுவைக்குக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை தெரிந்தது.

துடைக்கத் தூரிகையை எடுத்தேன்.

"தொடாதீங்க டீச்சர்! ஒங்க வெரலு இவ்ளோ சின்னதா? என் வெரலப் பாருங்க, மம்பட்டிப் பிடியாட்டம். இது அவளுது."

"அட்டை வித்த கடைக்காரரு வெரலாகூட இருக்கலாம்க்கா."

"அவரு வெரலு என்னுதவிட தடிப்பு. சூடு காட்டுங்க."

ஊதினாலே போய்விடும் தூள், சூடு பட்டால் நிலைத்துவிடும். வெப்பக்காற்றுக் கருவியை நீட்டினேன். சிலுவைக்கு முன்பே ரேகை உருகி மின்னியது. அட்டைக்கு மறுபுறமிருந்து யாரோ அழுத்துவதுபோல் வரி வரியாக மேலெழுந்தது.

ஆறியதும் அக்கா தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். நான் தேநீர் ஊற்றிக் கொண்டுவரும்வரை எடுக்கவேயில்லை.

மகள் இறந்து அப்போது ஓராண்டு. அவ்வளவு பழைய விரல் தடத்தில் தூள் ஒட்டுமா என்று தேடிப் பார்த்தேன். திருப்தியான பதில் கிடைக்கவில்லை. அது யாருடைய ரேகை என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.