முறை தவறாத தண்ணீர்

சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சாவியின் அடிக்குழிக்குள் திணித்துக்கொண்டிருக்கின்றன இசக்கித்துரையின் கைகள். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். ஒரு ஓரம் துருத்துகிறது. பல்லால் கடித்துக் கிழித்துத் துப்பிவிட்டு மறுபடி அழுத்துகிறார். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. நெஞ்சளவு உயரமுள்ள இரும்புக் கம்பி. மேலே இரண்டு கைக்கும் குறுக்குப் பிடி, கீழே சதுரமாக ஒரு குழி. தெருவோரத்து வால்வுக் குழிக்குள் அதை இறக்கி, தண்டின் தலையில் பொருத்தி, மூச்சைப் பிடித்துத் திருகினால் மண்ணுக்கு அடியில் ஒரு முனகல் கேட்கும். அடுத்த நிமிடம் தெருவில் குடங்கள் உருளும்.

சங்கரன்கோவிலில் சில தெருக்களுக்குக் குடிதண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. ஒரு தெருவுக்கு ஒரு முறை வந்தால் மறுமுறைக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த முறைதான் அங்கே நாள்காட்டி. துணி துவைப்பது, தலைக்கு ஊற்றுவது, விருந்தாளியை வரச் சொல்வது எல்லாம் அதை வைத்துத்தான்.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'தண்ணி அண்ணாச்சி'தான். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்ற வருகிறவர் வாளியைப் பிடித்தபடியே, "அண்ணாச்சி, எங்க தெருவுக்கு எப்பம்?" என்பார். அவரும் இலையைப் பார்த்துக்கொண்டே, "நாள கழிச்சு. கரண்டு இருந்தா" என்பார். எந்தத் தெரு என்று கேட்கமாட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரு தெரியும்.

வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். வலது முழங்கால் முழுதாக மடங்காது. வால்வுக் குழியருகே உட்கார வேண்டுமென்றால் அந்தக் காலை நீட்டி வைத்துக்கொண்டு ஒருபக்கமாகச் சரிவார். சர்க்கரை மாத்திரையைச் சட்டைப் பையில் சில்லறையோடு போட்டு வைப்பதால் அது தூளாகத்தான் கைக்கு வரும். அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் தின்கிறாரா, பின்னால் தின்கிறாரா என்று கேட்டால், "உள்ள போயிட்டுன்னா வழி பாத்துப் போயிரும்" என்பார்.

நடக்கும்போது தரையைத்தான் பார்ப்பார். ஆடித்தபசுத் திருவிழாவில் ஊரே கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது இவர் கண் மட்டும் ரோட்டில் ஈரம் கசிகிறதா என்று தேடும். யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் கேட்காமல் உள்ளே போய் மூடிவிட்டு வருவார். அவர் குளிப்பது அரை வாளியில். "ஊருக்கெல்லாம் தொறந்து விடுதிய, நம்ம வீட்டுல மட்டும் மூடிக்கிட்டே திரியுதிய" என்பது அவர் மனைவி சுந்தரம்மாளின் அன்றாடப் பேச்சு.

அவருடைய தெருக்களில் ஒன்றுதான் அவருக்குத் தலைவலி. அதன் வால்வுத் தண்டு தேய்ந்து தலை உருண்டுபோய்விட்டது. மற்றவர்களுடைய சாவி அதில் வழுக்கும். டியூப் திணித்த இவருடைய சாவிக்கு மட்டும்தான் திரும்பும். அந்தத் தெருவின் கடைசி வீடு பிச்சம்மாளுடையது. விசைத்தறியில் வேலை பார்த்த அவள் கணவர் தங்கசாமி வாதம் அடித்துக் கட்டிலோடு கிடக்கிறார். கிடக்கிற மனிதருக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் அதிகம் செலவாகும். கடைசி வீடு என்பதால் தண்ணீர் அங்கே கடைசியாக வந்து முதலில் நிற்கும். எட்டிவிட்டதா என்று இசக்கித்துரை போய்ப் பார்த்தது கிடையாது. "வந்துட்டு அண்ணாச்சி!" என்று பிச்சம்மாள் அங்கிருந்தே சத்தம் கொடுப்பாள். அதோடு சரி.

சுந்தரம்மாளின் மகளிர் குழு போன மாசியில் வேன் பிடித்து ராமேஸ்வரம் போனது. சாமி கும்பிட்டுவிட்டுப் பாம்பன் பக்கம் படகேறி ஒரு தீவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவதாகத் திட்டம். இசக்கித்துரை வரவில்லை என்றார். "உங்களக் கூட்டிட்டுப் போகல, என் சாமானத் தூக்க ஆள் கூட்டிட்டுப் போறேன், ஏறுங்க" என்றாள் சுந்தரம்மாள். போகிற நாள் பார்த்து பிச்சம்மாள் தெருவின் முறை. அடுத்த பகுதிக்குத் தண்ணீர் திறக்கும் பாண்டியராஜைக் கூப்பிட்டு, "என் சாவி வாசக்கதவுல சாத்தி இருக்கும். அத எடுத்துக்கிடும் வே. உம்ம சாவி அங்கன செல்லாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

விடியுமுன் வேன் வந்தது. இடது கையில் பையைப் பிடித்தார். வலது கை, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த நேரத்துக்கு எதை எடுக்குமோ, அதை எடுத்தது. எடுத்தது அவருக்கே தெரியாது. வேனுக்குள் ஏறி அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனார்.

கடலை அவர் பார்க்காதவர் இல்லை. திருச்செந்தூரில் கரையில் நின்று காலை நனைத்திருக்கிறார். ஆனால் படகு துறையை விட்டு நகர்ந்து, கரை பின்னால் ஒரு கோடாகிப்போனதும் அவர் விளிம்போரம் நகர்ந்து உட்கார்ந்தார். மிதவைச் சட்டைக்குள் பிதுங்கிக்கொண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்தார்கள். "ஏட்டி, முழுகுனா இவள ரெண்டு சட்டை தூக்கணும்." இசக்கித்துரை காதில் எதுவும் விழவில்லை. பக்கவாட்டில் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார். தண்ணீர் உள்ளங்கையைப் பிடித்துத் தள்ளியது. விரலை விரித்தார். இன்னும் வேகமாகத் தள்ளியது.

"என்னா பிரஷரு!" என்றார் யாரிடமும் இல்லாமல்.

தண்ணீர் முதலில் இளநீர் நிறத்தில் இருந்தது, அப்புறம் பச்சை, அப்புறம் மையைக் கரைத்த மாதிரி. தீவு நெருங்க நெருங்க மறுபடி தெளிந்து, அடித் தரையில் மணல் வரிவரியாகத் தெரிந்தது. நட்சத்திர மீன் ஒன்று கோலத்தில் வைத்த பூவைப்போல அசையாமல் கிடந்தது. எவ்வளவு ஆழம் என்று கேட்டார். ரெண்டு ஆள் என்றார் படகோட்டி. தன் வீட்டுக் குடத்தின் அடி இந்த அளவுக்குத் தெளிவாகத் தெரிந்ததில்லை என்று இசக்கித்துரைக்குத் தோன்றியது.

தீவில் இறங்கியதும் காலுக்கடியில் பவளத் துண்டுகள் ஓடு நொறுங்குகிற மாதிரி நொறுங்கின. ஓரத்தில் மரங்கள் வேரை வெளியே நீட்டிக்கொண்டு உப்புத் தண்ணீருக்குள்ளேயே பச்சைப் பசேலென்று நின்றன. புதர் நடுவே போன பாதையில் எல்லோரும் நடந்தார்கள். பீடி ஒன்று குடித்து முடிக்கிற நேரம்தான் இருக்கும். புதர் விலகியது. எதிரே மறுபடியும் கடல்.

"இந்தப் பக்கமுமா?" என்றார் இசக்கித்துரை.

"தீவுன்னா பெறகு எப்படி அண்ணாச்சி இருக்கும்?" என்று சிரித்தார் வேன் ஓட்டி வந்த கடையநல்லூர் இப்ராஹீம்.

இசக்கித்துரை நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு வலது காலை நீட்டிக்கொண்டு மணலில் சரிந்து உட்கார்ந்தார். கரை ஓரத்தில் முன்பு ஈரமாகக் கிடந்த இடம் இப்போது முழுகிக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதுவாக ஏறியது. அவர் குதிகால் வெடிப்புகளுக்குள் நுழைந்து எரிந்தது. காலை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏறுதே!" என்றார் படகோட்டியிடம்.

"ஏத்தம்ங்க. கொஞ்ச நேரத்துல வத்திரும். பொறவு ஏறும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை."

"தெனமுமா?"

"தெனமும்."

"ஒரு நாள் கூட முறை தவறாதா?"

"நீங்க பொறக்குறதுக்கு முன்னயே இப்படித்தான். உங்க பேரன் காலத்துலயும் இப்படித்தான்."

இசக்கித்துரை வாயைத் திறந்தபடி அந்தத் தண்ணீரைப் பார்த்தார். கரண்டு வேண்டாம், மோட்டார் வேண்டாம், ஆள் வேண்டாம். விடிய எழுந்து திறக்கக் கூட ஆள் வேண்டாம். கோயிலில் நிற்பதுபோல அவர் கை தானாகக் கும்பிட எழுந்தது. அப்போதுதான் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

பாண்டியராஜ். "அண்ணாச்சி, என் ஏரியாவ முடிச்சிட்டு இப்பத்தான் வந்தேன், சாவியக் காணோமே. வாசல்ல இல்ல. கொல்லையிலயும் பாத்துட்டேன். என் சாவியப் போட்டேன், வழுக்கிக்கிட்டே போகுது."

"கதவுல சாத்தி வச்சேனே வே, நல்லாப் பாரும்..." என்று தொடங்கிய இசக்கித்துரை தன் வலது கையைப் பார்த்தார்.

முகத்தைப் பார்த்த இப்ராஹீம், "என்ன அண்ணாச்சி, சாவியா? கம்பி மாதிரி நீளமா? வழி நெடுக சீட்டுக்கு அடியில டங்கு டங்குன்னு உருண்டது அதானா? அல்லா! நான் வண்டிக்குத்தான் ஏதோ போச்சுன்னு பயந்துகிட்டே ஓட்டிட்டு வந்தேன்" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். "என்னய மறந்துட்டு வந்தாலும் வருவிய, அத மறக்க மாட்டியளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சுந்தரம்மாள்.

போனில் குரல் மாறியது. பிச்சம்மாள் வாங்கிவிட்டாள். "அண்ணாச்சி, இன்னைக்கு வராதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "இவுகளுக்கு விடியக்காலத்துல இருந்து வயித்தால போகுது. ரெண்டு சேலையக் கிழிச்சுத் துடைச்சிட்டேன். கழுவ தண்ணி இல்ல. குடிக்கதுக்கு வச்சிருந்தத எடுத்துத்தான் கழுவிக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பு நின்றது. இசக்கித்துரை எழுந்து நின்றார். தண்ணீர் கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது.

"பைப் ரெஞ்சு போட்டுத் திருகிப் பாக்கட்டா?" என்றார் பாண்டியராஜ் போனை மறுபடி வாங்கி.

"அதுல கை வைக்காதேயும் வே! தண்டு ஒடஞ்சா தெருவத் தோண்டணும். மாசக் கணக்குல தண்ணி கெடையாது. உம்ம ஏரியாவுல எங்கயாவது ரெண்டு குடம் பிடிச்சு வண்டியில கொண்டு போய் பிச்சம்மாகிட்ட குடும்."

"நான் என்ன தண்ணி லாரியா?"

"கொண்டு போய்க் குடும்னா!"

அந்த அதட்டலில் மரத்திலிருந்த கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. உடனே கிளம்பலாமா என்று படகோட்டியிடம் கேட்டார். ஏறி வந்த எல்லோரும் பார்த்து முடித்துத்தான் படகு திரும்பும் என்று தெரிந்ததும் போய்ப் படகருகே தனியாக உட்கார்ந்துகொண்டார். சுந்தரம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரையை நீட்டினாள். தின்னவில்லை. மாத்திரைத் தூளையும் தொடவில்லை.

"தின்னாமக் கெடந்து மயங்கி விழுந்தா தூக்க எங்களால முடியாது. தின்னுங்க" என்று அவள் உருண்டை பிடித்துக் கையில் வைத்த பிறகுதான் தின்றார்.

"இம்புட்டுத் தண்ணி கெடக்கு ஏட்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னார். வெயிலில் கடல் கண்கூசும்படி மினுங்கியது. அதிலிருந்து அவரால் பார்வையை எடுக்கவும் முடியவில்லை, நிம்மதியாகப் பார்க்கவும் முடியவில்லை.

வேன் ஊர் வந்து சேர்ந்தபோது மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மற்ற தெருக்களுக்குப் போய்த் தொட்டி காலியாகக் கிடந்தது. அது நிறைய இரவு முழுவதும் வேண்டும். நிறைந்தாலும் மறுநாள் முறை இசக்கித்துரையின் சொந்தத் தெருவுக்கு.

மறுநாள் காலையில் அவர் தன் தெரு வால்வைத் தாண்டி நடந்தார். குடங்களோடு வாசலில் காத்திருந்த பெண்கள், "அண்ணாச்சி, எங்க போறிய? நமக்குத்தான இன்னைக்கு?" என்றார்கள். அவர் திரும்பவில்லை. சுந்தரம்மாள்தான் வாசலுக்கு வந்தாள். "இன்னைக்கு நமக்கு இல்ல, நாளைக்குத்தான். சண்ட போடணும்னா என்கிட்ட வாங்க. நானும் காலிக் குடத்தோடதான் நிக்கேன்."

தேய்ந்த தண்டு முனகித் திரும்பியது. முதல் வீடு, நடு வீடு என்று சத்தம் வந்தது. கடைசி வீட்டிலிருந்து வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாவியைக் குழியிலேயே விட்டுவிட்டு, முதல் தடவையாகத் தெருவின் கடைசிவரை நடந்தார்.

வாசல் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பிச்சம்மாள், கணவரைத் தனியாளாகப் புரட்ட முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நாற்றம் வாசலிலேயே அடித்தது. அவரைப் பார்த்ததும் சேலையைக்கூடச் சரிசெய்யவில்லை.

"வந்ததுதான் வந்திய, தோளையும் இடுப்பையும் சேத்துப் பிடிச்சு உங்க பக்கமா சாச்சுக்கிடுங்க அண்ணாச்சி. கையப் பிடிச்சு இழுத்துராதிய. அது செத்த கை, மூட்டு கழண்டுரும்."

இசக்கித்துரை காலை நீட்டிக் கட்டில் ஓரத்தில் சரிந்து, சொன்னபடியே பிடித்துச் சாய்த்தார். தங்கசாமியின் முகம் அவர் வயிற்றில் புதைந்தது. சூடாக மூச்சு பட்டது. முதுகுக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில், தோல் சிவந்து உரியப் பார்த்தது. பிச்சம்மாள் ஒரே வாளித் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாள், பிழிந்தாள், அதே தண்ணீரில் மறுபடி நனைத்தாள். வாளி கலங்கியது. அவள் பழக்கத்தில் மூன்றாவது தடவையும் துணியை அதற்குள் விடப் போனாள்.

இசக்கித்துரை தங்கசாமியைப் பதமாக மல்லாக்கப் படுக்க வைத்தார். வாளியை அவள் முன்னாலிருந்து எடுத்தார். வாசலுக்குக் கொண்டுபோய் அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார். வாளியைக் கழுவினார். குழாயடியில் வைத்து விளிம்பு தொட நிறைத்துத் தூக்கி வந்து அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார். பிறகு தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து, அந்த மனிதரை மறுபடியும் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.