தரையைப் பார்க்கச் சொன்னேன்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், ஊர் ஊராக வேலை தேடித் திரிந்த நான் மலாக்காவில், காஜா பேராங் தெருக் காப்பிக் கடை ஒன்றின் மாடியில் தங்கியிருந்தேன். பக்கத்து அறைக்காரர் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில் ரப்பர்த் தோட்டத்தைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள். நெட்டையானவர்; காக்கிக் கால்சட்டையில் எப்போதும் இஸ்திரி மடிப்பு இருக்கும். அருகில் வெடித்த கையெறி குண்டு அவருடைய இரண்டு காதுகளையும் கெடுத்திருந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று, பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே நான்கு வருஷம் சமாளித்திருக்கிறார். காப்பிக் கடையிலும் எல்லார் முகமும் தெரிகிற நாற்காலியில்தான் உட்காருவார்.

இப்போது காது போனதற்கு நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டிருந்தார். காது கேட்கவில்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். துணைக்குப் போன நான் அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்:

"அண்ணே, டாக்டர் வாயப் பாக்காதீங்க. தரையப் பாருங்க."

"சரிலா தம்பி. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

டாக்டர் தமிழர். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, "ஊர் எது?" என்று மெல்லக் கேட்டார். இவர் தரையையே பார்த்தார். டாக்டர் காத்திருந்தார். டாக்டர் பேசினாரா இல்லையா என்று தெரியாமல் இவர் நிமிர்ந்துவிட்டார்.

"துப்பாக்கி நம்பர் ஞாபகம் இருக்கா?" டாக்டரின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இவருடைய குதிகால்கள் அட்டென்ஷனில் சேர்ந்தன. "ஏழு நாலு ஒன்னு ரெண்டு, சார்!"

காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டார்.

வெளியே அண்ணன் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

"ஏண்ணே பதில் சொன்னீங்க?" என்று கத்தினேன்.

தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் நடந்துகொண்டே இருந்தார்.