வரைபடத்தில் இல்லாத வயர்

ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. வரைபடத்தில் இருப்பது போர்டில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் ஒதுக்கி வைப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதில் எனக்குக் குழப்பமே வந்ததில்லை.

வந்தது போன வருடம், ஜார்ஜ்டவுனில் நான் வழக்கமாகச் சாப்பிடும் நாசி கண்டார் கடையின் மாடியில். கடைக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் மாடியைக் காலி செய்துகொண்டிருந்தார். அங்கே பந்தை அடித்து விளையாடும் பழைய பின்பால் மிஷின் ஒன்று நின்றது. விற்க வேண்டும், ஓட வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கம்ப்யூட்டர் காலத்துக்கு முந்தையது. உள்ளே ஒரு சிப்கூடக் கிடையாது. காயில், ரிலே, மோட்டார், புள்ளிகளைக் காட்டும் எண் சக்கரங்கள், துணி சுற்றிய வயர்கள், அவ்வளவுதான். பெட்டிக்குள் வயரிங் படம் நான்காக மடித்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

ஞாயிறுதோறும் என் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். கருத்துப்போன காண்டாக்டுகளைத் தேய்த்தேன். பிசினாகிவிட்ட கிரீஸைச் சுரண்டினேன். ரப்பர் வளையங்களை மாற்றினேன். ஐந்தாவது வாரம் மிஷின் ஓடியது. ஒரே ஒரு கோளாறு. இடப்பக்க மூலையில் உள்ள இலக்கில் பந்து பட்டால் பத்துப் புள்ளி ஏற வேண்டும், நூறு ஏறியது. பந்து ஓடும் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பத்துக்கான ரிலேயை விட்டுவிட்டு, பச்சை வயர் ஒன்று நூற்றுக்கான ரிலேக்குப் போயிருந்தது. படத்தில் அந்த வயர் இல்லை. யாரோ செய்த குளறுபடி என்று நினைத்தேன். வயரைப் பற்ற வைத்திருந்த பழைய ஈயத்தை உருக்கிச் சுத்தமாக உறிஞ்சி எடுத்தேன். வயரைக் கழற்றி, படத்தில் உள்ளபடி இணைத்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் விளையாடிப் பார்த்தார். மூன்று பந்தோடு நிறுத்திவிட்டார்.

"இது எங்க மிஷின் இல்லயே தங்கச்சி."

சின்ன வயதிலிருந்து அந்த மூலையைக் குறிவைத்தே விளையாடியிருக்கிறாராம். அங்கே நூறுதான் ஏறும், யாரும் மிஷினைப் பிரித்ததாக நினைவில்லை என்றார். நான் படத்தை விரித்துக் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்தார்.

"படத்துல என்னா வேணா இருக்கட்டும். நாங்க விளையாடுனது அப்படி இல்லலா."

பச்சை வயரை மறுபடி பற்ற வைத்தேன். சரியாக இருப்பதைக் கெடுக்கிறேனா, கெடுத்ததைச் சரி செய்கிறேனா என்று எனக்கே புரியவில்லை.

பழைய மிஷின்களை வாங்கி விற்கும் சீனர் ஒருவர் விலை மதிக்க செபராங் ஜெயாவிலிருந்து வந்தார். முன்பக்கக் கண்ணாடியின் ஓவியத்தையும் கால்களின் துருவையும் பார்த்தார். பச்சை வயர் விஷயத்தை நானே சொன்னேன். அவர் டார்ச் அடித்து வெகுநேரம் குனிந்திருந்தார். படம் அச்சான பிறகு தயாரித்த கம்பெனியே சில சமயம் இப்படி மாற்றுவதுண்டு, அப்படியானால் விலை கூடும் என்று மலாய் மொழியில் சொன்னார். உள்ளூர் மெக்கானிக் செய்தது என்றால் குறையும். பழைய ஈயம் இருந்திருந்தால் எதுவென்று சொல்லியிருப்பாராம். இப்போது அங்கே இருப்பது என் ஈயம்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு, கம்பெனி செஞ்சதா, நம்ம ஆளு யாராச்சும் செஞ்சதா?"

"தெரியலண்ணே. தெரிஞ்சிருக்கும். நான்தான் அத அழிச்சிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நின்றேன். கீழே குரல் கொடுத்து மூன்று கிளாஸ் தே தாரிக் டீ கொண்டுவரச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சீனர் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை சொன்னார். அண்ணன் ஒத்துக்கொண்டார்.

லாரி வருவதற்கு முன் மலாயில் ஒரு சீட்டு எழுதிப் பலகையின் அடியில் ஒட்டினேன். பச்சை வயர் நான் திறந்தபோதே இருந்தது, நான் கழற்றினேன், நானே திரும்ப வைத்தேன், ஈயம் மட்டும் என்னுடையது என்று. இன்னொருவர் என்றாவது அந்தப் பலகையைத் தூக்குவார். அந்தச் சீட்டு அவருக்கு உதவுமா, என்னைப் போலவே அவரையும் திணற வைக்குமா, எனக்குத் தெரியவில்லை.