சுல்மா டீச்சரும் சாப்பிட மறுக்கும் விருந்தாளியும்

"நாலாம் நம்பர், எழுந்திருங்க. உங்களுக்கு மட்டும் இன்னும் விடியலையா?" என்று பீரோவுக்குள் தலையை விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் சுல்மா தெச்சேரா. உள்ளே பத்தொன்பது டேப்லெட்டுகள் இரவெல்லாம் மின்சாரம் குடித்துவிட்டுச் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வெள்ளை அங்கியின் முனையால் துடைத்து, காலை வணக்கம் சொல்லி மேசைகளில் வைக்கிறார். எல்லாம் வலது கையால்தான். இடது அக்குளில் வெந்நீர் பிளாஸ்க், இடது கையில் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர்க் குடுவை. உருகுவேயில் இடது கை என்பது அதற்கென்றே படைக்கப்பட்டது. அதை வேறு வேலைக்குக் கேட்பது நாகரிகமாகாது.

திரையை அவர் விரல் நுனியால் தொடுவதில்லை. முப்பத்தொரு வருடச் சாக்பீஸ் அந்த நுனிகளை வறட்டியாக்கிவிட்டது. கண்ணாடிக்கு அவை விரலென்றே தெரியாது. அதனால் நடுவிரலின் கணுவால், கதவு தட்டுவதுபோல், இரண்டு தட்டு. "உள்ள யாரும் இருக்கீங்களா" என்பார். திரை ஒளிரும்.

இந்தச் சாமான்கள் முதலில் வந்தபோது எதிர்த்து மனு எழுதியவர் இவர்தான். பிள்ளைகளின் மூளை மழுங்கும் என்று நாலு பக்கம். இன்று அவற்றில் ஒன்றுக்குக் கீறல் விழுந்தால் அன்று முழுக்க வகுப்பில் யாரும் வாய் திறக்க முடியாது. இரண்டு நிலைகளுக்கும் நடுவில் மனம் மாறியதாக அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. "மனுவில எழுதினதெல்லாம் இன்னைக்கும் உண்மைதான்" என்கிறார், ஏழாம் நம்பரை வாஞ்சையாகத் துடைத்தபடி.

பிள்ளைகளை வாடா போடா என்று அழைக்கும் அவர், டேப்லெட்டை 'நீங்க' என்பதன்றி அழைத்ததில்லை. ஏன் என்று கேட்டால், "தலைநகர்லேர்ந்து வந்தவரு. எப்போ யார்கிட்ட என்ன போட்டுக் கொடுப்பாருன்னு சொல்ல முடியாது. மரியாதையா இருந்துட்டுப் போறது."

அவர் பயந்ததே நடந்தது. இந்த வருடம் டேப்லெட்டுக்குள் புதிதாக ஒரு கணக்கு விளையாட்டு வந்திறங்கியது. விடை சரியென்றால் நெருப்புக்கோழி ஓடும். தப்பென்றால் ஆமை தலையாட்டும். மூன்று ஆமை சேர்ந்தால் பிள்ளையை ஒரு வகுப்பு கீழே இறக்கிவிட்டு, அந்தச் செய்தியைப் பள்ளி இன்ஸ்பெக்டருக்கும் அனுப்பிவிடும். விளையாட்டைச் செய்தவர்கள் வேறு தேசத்துக்காரர்கள். அவர்களுக்குப் புள்ளி வைத்தால் தசமம், காற்புள்ளி வைத்தால் ஆயிரம். இங்கே நேர் தலைகீழ். ஒன்றே முக்கால் கிலோவை 1,750 என்று எழுதுவார்கள், 1.750 என்று எழுதினால் அது ஆயிரத்து எழுநூற்றைம்பது கிலோ.

காற்புள்ளிக்கு இங்கே கோமா என்று பெயர். 'சாப்பிடுங்க' என்று மரியாதையாகச் சொல்வதற்கும் அதே கோமாதான். ஆகவே பிள்ளைகள் கோமா போட்டு, ஆமை தலையாட்டும்போதெல்லாம் சுல்மா டேப்லெட்டின் பக்கம் குனிந்து, "கோமா, ஐயா, கோமா" என்று உபசரிப்பார். பிறகு வகுப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "சாப்பிட மாட்டேங்கிறாரு. நம்ம வீட்டுச் சமையல் இறங்கல."

தலைநகருக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் தங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல், காகிதத்தில் கோமா, கண்ணாடியில் புள்ளி என்று சொல்லிக் கொடுத்தார். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர் அக்கம்பக்கம் பார்ப்பதுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார் என்பது பிள்ளைகளின் வாக்குமூலம்.

பதினெட்டுப் பேர் மறுநாளே பழகிக்கொண்டார்கள். அனாஹி மட்டும் பழகவில்லை. அவள் அப்பாவுக்குக் கம்பளிக் கிடங்கில் எடை எழுதும் வேலை. "புள்ளி வச்சா லாரி லோடு டீச்சர்" என்றாள். "ஏழு கிலோ கம்பளிய நாலு பேருக்கு லாரி லோடா பிரிச்சுக் கொடுத்தேன்னு நான் எழுத மாட்டேன்."

"அது சும்மா அவருக்காகடி. நமக்குள்ள தெரியுமில்ல."

"அவருக்குத் தெரியாதே."

ஐந்தாம் வகுப்பின் ஆகச் சிறந்த கணக்குக்காரியை டேப்லெட் ஆமை மேல் ஆமையாக இறக்கி, பள்ளி வருடம் முடியப்போகும் நவம்பர் இறுதியில் மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தது. இன்ஸ்பெக்டர் நோர்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. பெண் ஐந்தாம் வகுப்பையே திரும்பப் படிக்கட்டும் என்றார். சுல்மா கோமாவைப் பற்றி விளக்கினார். பதினெட்டுப் பிள்ளைகள் புள்ளி வைக்கும்போது இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டார் நோர்மா. வியாழக்கிழமை நேரில் வந்து முடிவு செய்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரம் சுல்மா அனாஹியிடம் ஒரு முறைகூடப் புள்ளி வை என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து, மாத்தேயை உறிஞ்சியதை மட்டும் பலர் பார்த்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாத்தே தனியாகக் குடிக்கிற பானம் அல்ல; எதிரே ஆள் இருந்தால் நீட்டியாக வேண்டும். சுல்மா தபால்காரருக்கும் நீட்டுவார், வழிதவறி வந்த கால்நடை மருத்துவருக்கும் நீட்டியிருக்கிறார். இன்ஸ்பெக்டர்களுக்கு மட்டும் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் பதினோரு இன்ஸ்பெக்டர்கள் அவர் எதிரே வறண்ட தொண்டையோடு உட்கார்ந்து போயிருக்கிறார்கள். "கொடுத்தா அடுத்த வருஷமும் வருவாங்க" என்பது அவர் கணக்கு. கொடுக்காமலேதான் வருடா வருடம் வருகிறார்கள்.

வியாழக்கிழமை, இங்கே கோடையான டிசம்பரின் வெயிலில் நோர்மா வந்தார். கையில் தேர்ச்சிப் பட்டியல். சுல்மா வாதாடுவார் என்று எதிர்பார்த்து அதற்குத் தயாராகவே வந்திருந்தார். சுல்மா வாதாடவில்லை. ஒன்பதாம் நம்பரைத் துடைத்து, கணுவால் தட்டி எழுப்பி, சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்களே ஒரு கணக்கு போட்டுப் பாருங்களேன்" என்றார்.

ஏழு கிலோ கம்பளியை நான்கு பேருக்குச் சமமாகப் பிரி, கிராம் வரை எழுது என்றது திரை. நோர்மா சிரித்துக்கொண்டே 1,750 என்று தட்டினார். ஆமை தலையாட்டியது.

"ஓ, புள்ளி" என்றார் நோர்மா. விரல் புள்ளிக்கு மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது. இருபது வருடம் டீச்சராக இருந்து, பிள்ளைகளின் நோட்டில் அந்தப் புள்ளியின் கீழே சிவப்புக் கோடு இழுத்த விரல் அது. "ஆனா இது ஆயிரத்து எழுநூத்தம்பது கிலோ ஆயிடுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"லாரி லோடு" என்றாள் அனாஹி, பக்கத்து மேசையிலிருந்து, ஆறுதலாக.

நோர்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கோமா போட்டார். ஆமை. மூன்றாவது தடவை விரலை அழுத்திப் போட்டார், அழுத்தினால் புரியும் என்பதுபோல. திரை மங்கி, கனிவான குரலில், கவலை வேண்டாம், நான்காம் வகுப்பிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்றது.

யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கக் கூடாது என்று பத்தொன்பது பேரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், டேப்லெட்டைப் பார்த்துத்தான், மிகுந்த பணிவோடு சொன்னது: "கோமா, ஐயா, கோமா."

நோர்மா டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தார். பட்டியலை மடியில் விரித்து, அனாஹியின் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டு, ஆறாம் வகுப்பு என்று எழுதினார். அதன்பின் சற்று யோசித்து, தலைநகருக்குக் கடிதம் எழுதுகிற விலாசத்தை ஒரு முறை சொல்லச் சொன்னார்.

சுல்மா விலாசத்தைச் சொன்னார். சொல்லிக்கொண்டே அக்குளிலிருந்து பிளாஸ்கை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார். குடுவையில் வெந்நீரை ஊற்றினார். உறிஞ்சுகுழலை நோர்மாவின் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.